காத்து என்ற இரும்பு ஊர்: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா சேலத்திலிருந்து முதல்முறை வந்தபோது, "ஊருக்குக் காத்துன்னா பேரு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். உச்சரிப்பு கிட்டத்தட்ட அதுதான், பொருள்தான் வேறு. மரங்களுக்கு அடியில் இருக்கிற ஊர் என்று இங்கே சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் நார்தர்ன் கேப் மாகாணத்தில், கலஹாரியின் செம்மணல் பரந்து கிடக்கிற பக்கத்தில், சிஷென் இரும்புச் சுரங்கத்துக்காகவே 1970களில் எழுந்த சின்ன ஊர் இது. சுரங்கத்துக்குப் பராமரிப்பு வேலை செய்யும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவிலிருந்தும் டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்திலிருந்தும் வருகிற சொந்தங்களும், ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்து இறங்குகிற தம்பிகளும் கேட்பது ஒரே கேள்விதான்: அங்கே பார்க்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஆனால் எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரியாமல் வந்தால் பெரிய பள்ளம், செம்மண், வெயில் என்று மூன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கேயும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு கல்லைக் கையில் எடுங்கள். அப்பா அப்படித்தான் ஆரம்பித்தார். வாசலில் ஜல்லியோடு ஜல்லியாகக் கிடந்த கறுஞ்சாம்பல் நிறக் கல் ஒன்றை எடுத்தார், எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிது, எடுத்ததும் மணிக்கட்டு தாழ்ந்தது. உடனே ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டு வரச் சொன்னார். ஒட்டவில்லை. அவர் கஞ்சமலை அடிவாரத்துக்காரர், சின்ன வயதில் அந்த மலைக் கல்லில் காந்தத்தை ஒட்டி விளையாடியவர், அதனால் இது இரும்பே கிடையாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். குளியலறைக்கு வாங்கி மிஞ்சின டைல்ஸ் ஒன்று இருந்தது. அதைத் திருப்பி, பளபளப்பில்லாத பின்பக்கத்தில் அந்தக் கல்லை அழுத்தித் தேய்த்தேன். கல் சாம்பல் நிறம், விழுந்த கோடு நல்ல செங்காவி. கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட், அது காந்தத்தில் ஒட்டும், தேய்த்தால் கறுப்புக் கோடு விழும். சிஷெனில் இருப்பது ஹேமடைட், காந்தத்தில் சரியாக ஒட்டாது, தேய்த்தால் சிவக்கும். இந்த ஊரில் சுவர், சாலை, செருப்பு, லாரி எல்லாம் ஏன் காவி பூசினது போல இருக்கிறது என்பதற்கு அந்த ஒரு கோடு போதும். குழந்தைகளோடு வருகிறவர்கள் ஒரு டைல்ஸ் துண்டைக் கையோடு கொண்டு வாருங்கள், அவர்களுக்கு மறக்காது.

இரண்டு கற்களைத் தெரிந்துகொண்டால் இந்த வட்டாரத்தையே தெரிந்துகொண்ட மாதிரி. ஒன்று இரும்பு வரிக்கல். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல். தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு, அப்போதைய நுண்ணுயிர்கள் வெளிவிட்ட ஆக்சிஜனோடு சேர்ந்து அடியில் படிந்தது, ஒரு வரி இரும்பு, ஒரு வரி சிலிக்கா என்று அடுக்கடுக்காக. இன்னொரு கல் டோலமைட், சுண்ணாம்புக் கல்லுக்கு உறவு, மழைத்தண்ணீர் பட்டுப் பட்டுக் கரைந்து உள்ளே குகையும் பொந்துமாக ஆகிவிடும். சிஷெனில் நடந்தது என்னவென்றால், கீழே இருந்த டோலமைட் கரைந்து பள்ளம் விழ, மேலே இருந்த இரும்பு வரிக்கல் அந்தப் பள்ளங்களுக்குள் சரிந்து இறங்கி, காலப்போக்கில் சிலிக்கா போய் இரும்பு செறிந்து நின்றது. அதுதான் தாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நான் சொல்லும் குகையும் ஊற்றும் இதே டோலமைட்டின் வேலைதான்.

எப்போது வரலாம், எப்படி வரலாம்

ஏப்ரல், மே, அப்புறம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரங்கள் வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் வெயில் சாதாரணமாக 35 டிகிரியைத் தாண்டும், மதியம் வெளியே நிற்க முடியாது. ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் தண்ணீர் உறையும், குளிருக்குப் பழகாத பெரியவர்களைக் கூட்டி வருவதாக இருந்தால் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து சிஷென் விமான நிலையத்துக்கு விமானம் உண்டு, சுரங்க வேலையாக வருகிறவர்களே அதிகம் என்பதால் டிக்கெட் விலை கூடுதல்தான். காரில் வந்தால் என்14 நெடுஞ்சாலை, ஃபென்டர்ஸ்டார்ப், ஃப்ரைபர்க், குருமன் வழியாகச் சுமார் 600 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. முதல் வருடம் நான் அவசரப்பட்டு மாலை மங்குகிற நேரத்தில் ஃப்ரைபர்க்கைத் தாண்டினேன், கூடு என்கிற முறுக்குக் கொம்பு மான், குதிரை உயரம் இருக்கும், வேலியைத் தாண்டி நேராக வண்டிக்கு முன்னால் குதித்தது. கண்ணாடி மொத்தமாக உள்ளே விழுந்தது. மடியெல்லாம் கண்ணாடித் துகள், மானைக் காணோம், எனக்குப் புருவத்தில் நாலு தையல். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் நான் இந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதில்லை. பெட்ரோலைப் பொறுத்தவரை பாதி டேங்க் ஆனதும் போட்டுவிடுங்கள், அடுத்த ஊர் எப்போதும் நினைப்பதை விடத் தூரம்.

டர்பன் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஒரே நாளில் வேண்டாம். வழியில் கிம்பர்லியில் ஒரு ராத்திரி தங்குங்கள். 1871இல் தொடங்கி 1914 வரை வைரத்துக்காகத் தோண்டிய பெரும்பள்ளம் அங்கே இருக்கிறது, மக்கிரெகர் அருங்காட்சியகமும் இருக்கிறது, இரண்டையும் பார்த்துவிட்டு வந்தால் காத்து இன்னும் நன்றாக விளங்கும். இந்த வழி ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தைக் குறுக்காகக் கடக்கிறது. 1891ஆம் வருடச் சட்டம் ஒன்று இந்தியர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்று தடுத்தது, 1980களின் நடுப்பகுதி வரை அந்தத் தடை நீங்கவில்லை. போன ஈஸ்டர் விடுமுறைக்கு வந்த சாட்ஸ்வொர்த் அக்கா ஒருவர் தன் ஆயாவை, அதாவது பாட்டியை, கூட்டி வந்திருந்தார். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி டீ குடித்ததை இங்கே வந்து திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது நிறுத்தாமல் கடந்த வழியாம் அது. பிள்ளைகளோடு அந்த வழியில் வந்தால் இதைச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு கட்டாயம். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பட்கோஸ் என்பார்கள், வழிச்சோறு என்றே பொருள். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். காத்துவில் உணவகங்கள் பெரும்பாலும் இறைச்சிக்குத்தான் பேர்போனவை. சைவக்காரர்கள் பாப் கேளுங்கள், மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான் அது, கூடவே சக்கலக்கா என்கிற காரக் கூட்டு, கறி சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மளிகைக்கு ஊரிலேயே பெரிய கடைகள் உண்டு, ஆனால் இட்லி அரிசி, உளுந்து, பெருங்காயம் வேண்டுமென்றால் ஜோகன்னஸ்பர்கிலேயே ஃபோர்ட்ஸ்பர்க்கிலோ லெனேஷியாவிலோ வாங்கிப் போட்டுக்கொண்டு வருவது நல்லது.

முதல் நாள்: காலையில் காடு

சுரங்கத்துக்கு முதலில் ஓடாதீர்கள். விடியற்காலையில் காட்டுக்குப் போங்கள். ஊரை ஒட்டிக் கிட்டத்தட்ட 4000 ஹெக்டேருக்கு ஒட்டகமுள் மரக்காடு இருக்கிறது, 2009இல் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவித்தார்கள். பெயரைக் கேட்டு ஒட்டகத்தைத் தேடவேண்டாம். ஆஃப்ரிகான்ஸில் ஒட்டகச்சிவிங்கியின் பெயரிலேயே ஒட்டகம் இருக்கிறது, அது விரும்பித் தின்கிற மரம் இது. நம் ஊர்க் கருவேலமரத்துக்கு மிக நெருங்கிய சொந்தம், அந்த மஞ்சள் பூப்பந்தைப் பார்த்ததும் கிராமத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். நெற்று மட்டும் வேறு மாதிரி, சாம்பல் நிறத்தில், வெல்வெட் துணி போட்டது போல, மனிதக் காது வடிவத்தில் தடிமனாக இருக்கும். வேர் பல பத்து மீட்டர் ஆழத்துக்குப் போய்த் தண்ணீரைத் தேடும்.

மரக்கிளைகளில் வைக்கோல் போர் ஒன்றைத் தூக்கி வைத்த மாதிரி தெரிந்தால் அது குருவிக் கூடு. நம் தூக்கணாங்குருவியின் இனம்தான், ஆனால் தனித்தனிக் கூடு கிடையாது, நூற்றுக்கணக்கான குருவிகள் சேர்ந்து ஒரே பெரிய வீடு கட்டி, அதில் அறை அறையாகக் குடியிருக்கும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வட்ட வட்ட வாசல்கள் தெரியும். கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் நில்லுங்கள், வாய் நிறையப் புல்லோடு வந்து சேரும்.

ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், முள் குதிகால் வரை ஏறும். இன்னொன்று, பிராய் போட, அதாவது தணலில் கறி சுட, விறகு வேண்டுமென்று காய்ந்த கிளையைக்கூட இங்கே பொறுக்கக் கூடாது. 1998ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட மரம், எடுக்க உரிமம் வேண்டும்.

காத்து பான் என்றொரு தாழ்வான நிலம் ஊருக்கு அருகில் இருக்கிறது. பார்க்க ஒன்றுமே இருக்காது, புல்லும் சுண்ணாம்புத் தரையும்தான். ஆனால் 1970களின் கடைசியிலிருந்து தொல்லியலாளர் பீட்டர் போமான்ட் அங்கே தோண்டினார், கைக்கோடரிகளும் கூர்க்கற்களும் வந்துகொண்டே இருந்தன. அதில் கிடைத்த சில கூர்முனைகள் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஈட்டிக் கம்பில் பொருத்தப்பட்டவை என்று 2012இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கருவி எந்தக் கல்லில் செய்தார்கள் என்று பார்த்தால், அதே இரும்பு வரிக்கல். நாம் இன்று டம்பர் லாரியில் அள்ளுகிற கல்லின் குடும்பத்தை 5 லட்சம் வருடத்துக்கு முன்பு ஒருவர் மடியில் வைத்துத் தட்டித் தட்டிக் கூர்மையாக்கியிருக்கிறார். எனக்கு இந்த ஊரில் எல்லாவற்றையும் விடப் பிடித்த செய்தி இது. தொல்லிடத்துக்குள் நீங்களாக நுழைய வேண்டாம், கல்லை எடுக்கவே வேண்டாம், 1999ஆம் ஆண்டு மரபுச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். இந்தக் கருவிகளைப் பார்க்கத்தான் மேலே மக்கிரெகர் அருங்காட்சியகத்தைச் சொன்னேன், இங்கே தோண்டி எடுத்தவை அங்கேதான் போய்ச் சேர்ந்தன.

சுரங்கம்

சிஷெனில் 1953 முதல் தாது எடுக்கிறார்கள். அப்போது இஸ்கோர் என்ற அரசு எஃகு நிறுவனம், இப்போது கும்பா. திறந்தவெளிப் பள்ளம் சுமார் 14 கிலோமீட்டர் நீளம், உலகத்தின் மிகப் பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் ஒன்று. உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் வாசலில் வந்து கேட்டால் நடக்காது, சில வாரங்களுக்கு முன்பே சுரங்க அலுவலகத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும், பள்ளிக் குழுக்களும் தொழில் சார்ந்தவர்களும் என்றால் கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைத்தால் முழுக்கைச் சட்டை, கால் மூடின ஷூ, அடையாள அட்டை. ஹெல்மெட்டும் பளிச்சென்ற மேலங்கியும் அவர்களே தருவார்கள். வாசலில் ஊதச் சொல்லி மது சோதனை உண்டு, முந்தின ராத்திரி பிராயில் குடித்தது காலையில் கருவியில் தெரியும், தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள். வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு இது இன்னும் முக்கியம், அந்த ஒரு ஊதலில் வேலையே போகும். மருத்துவப் பரிசோதனையும் பாதுகாப்பு வகுப்பும் முடியாமல் பள்ளத்துக்குள் கால் வைக்க முடியாது, அதற்குச் சில நாள் ஆகும், பதற வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறதென்றால், துளை போட்டு வெடி வைத்துப் பாறையை உடைப்பார்கள், 300 டன்னுக்கு மேல் சுமக்கிற டம்பர்கள் அதை அள்ளிப் போகும், ஒரு சக்கரமே இரண்டு ஆள் உயரம். அப்புறம் நொறுக்கி, தாதுவையும் வெறும் கல்லையும் பிரிப்பார்கள். நம் வீட்டில் அரிசியில் கல் அரிப்பார்களே, அதே யோசனைதான். தண்ணீரை மேலும் கீழும் குலுக்கினால் கனமானது அடியில் தங்கும், லேசானது மேலே வரும். அம்மா முறத்தையும் அரிக்கன் சட்டியையும் வைத்துச் செய்ததை இங்கே ஒரு மாடிக்கட்டடம் அளவு இயந்திரம் செய்கிறது.

அனுமதி கிடைக்காவிட்டாலும் ஊரைச் சுற்றிய சாலைகளிலிருந்தே கழிவுக்கல் மலைகள் தெரியும், வெடி நேரத்தில் செம்புழுதி எழும்புவதும் தெரியும். டிங்கிள்டன் என்ற ஊர் இருந்த பக்கத்தையும் பாருங்கள். அதன் பழைய பெயரே சிஷென். பள்ளம் வளர்ந்து வளர்ந்து ஊரின் வாசலுக்கு வந்துவிட, 2010களில் அந்த மக்களைக் காத்துவுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வீடு, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் விட்டு வந்தவர்கள் இன்றைக்கும் நம் பக்கத்து வரிசையில் பொருள் வாங்க நிற்கிறார்கள். மேட்டூர் அணைக்காக ஊரை விட்டு வந்தவர்களின் கதையை என் பாட்டி வாயால் கேட்டவன் நான், அதனால் சுரங்கத்தைக் காட்டும்போது இதையும் சேர்த்தே காட்டுவேன்.

ரயில்

இதற்கு அனுமதியும் வேண்டாம், காசும் வேண்டாம். சிஷெனிலிருந்து அட்லாண்டிக் கரையில் உள்ள சல்டான்ஹா துறைமுகம் வரை 861 கிலோமீட்டர், 1976இல் திறந்த ஒற்றைப் பாதை, தாதுவுக்கென்றே போட்டது. வழக்கமான தாது ரயில் ஒன்றில் 342 பெட்டிகள், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நீளம். 1989 ஆகஸ்டில் 660 பெட்டிகளைக் கோத்து 7.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரயிலை இதே பாதையில் ஓட்டிக் காட்டினார்கள், அன்றைக்கு அது உலக சாதனை. பாதையை ஒட்டின சாலையில் பாதுகாப்பான இடமாகப் பார்த்து வண்டியை ஓரம் கட்டுங்கள், தண்டவாளத்தின் மேல் ஏறாதீர்கள், பெட்டிகளை எண்ண ஆரம்பியுங்கள். அப்பா 190 வரை எண்ணி விட்டுவிட்டார், அக்காவின் பையன் கடைசி வரை எண்ணி 342 என்று கத்தினான்.

இரண்டாம் நாள்: குருமன் பக்கம்

காத்துவிலிருந்து வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் குருமன். ஊர் நடுவில் ஓர் ஊற்று, அதற்குக் கண் என்றே ஆஃப்ரிகான்ஸில் பெயர். நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம். டோலமைட்டுக்குள் சேர்ந்த தண்ணீர் தினமும் சுமார் 2 கோடி லிட்டர் வெளியே வருகிறது, சுற்றிலும் காய்ந்து கிடக்கிற நிலத்தில் கண்ணாடி போலத் தெளிந்த குளம், உள்ளே மீன்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் கூட்டம்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி மாஃபட் மிஷன். ராபர்ட் மாஃபட் என்ற பாதிரியார் கட்டிய கல் தேவாலயம் 1838இல் முடிந்தது. பைபிள் முழுவதையும் செட்ஸ்வானா மொழிக்குக் கொண்டுவந்து 1857இல் இங்கேயே அச்சிட்டு முடித்தார், அவருடைய அச்சுப்பொறியைக் கேட்டுப் பாருங்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது நினைவுக்கு வராமல் போகாது. செட்ஸ்வானா பேசுகிறவர்களுக்கு இந்த இடத்தின் மேல் உள்ள பாசம் வேறு மாதிரி. உள்ளே போகும்போது "துமேலா" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள், ஒரு சொல்லுக்கே முகம் மலர்ந்துவிடும்.

நேரம் இருந்தால் குருமனுக்குத் தெற்கே 45 கிலோமீட்டர் போல, ஆர்31 சாலையில், வோண்டர்வெர்க் குகை. டோலமைட் மலைக்குள் 140 மீட்டர் நீளத்துக்குக் கரைந்து உண்டானது. சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இதற்குள்ளே நெருப்பு மூட்டியதற்கான சாம்பலும் கருகின எலும்பும் கிடைத்ததாக, காத்து பான் ஈட்டிச் செய்தி வந்த அதே 2012இல் அறிவித்தார்கள். போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள், பூட்டியிருக்கும் நாட்கள் உண்டு. டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாள் கையில் இருப்பவர்கள் போஸ்ட்மாஸ்பர்க் பக்கம் போகலாம். அங்கே பிளிங்க்ளிப் குன்றில், ஆயிரம் வருடத்துக்கு முன்பிருந்தே பளபளக்கும் ஹேமடைட்டைத் தோண்டி, கொழுப்பில் குழைத்துத் தலைமுடிக்கும் உடம்புக்கும் பூசியிருக்கிறார்கள். அதையும் தாண்டிப் போனால் விட்சாண்ட், செம்மணலுக்கு நடுவே வெள்ளை மணற்குன்றுகள், காய்ந்த காலத்தில் சறுக்கினால் மணல் உறுமும்.

ஒரு எச்சரிக்கை

குருமன் மலைகளில் நீல ஆஸ்பெஸ்டாஸ் எடுத்த பழைய சுரங்கங்கள் இருக்கின்றன. நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய்க்கும் இந்த நாருக்கும் உள்ள தொடர்பை 1960இல் மருத்துவர்கள் உறுதியாகக் காட்டியது இந்த வட்டாரத்து மக்களை வைத்துத்தான், அதில் சுரங்கத்தில் வேலையே செய்யாத பெண்களும் குழந்தையாக அங்கே வளர்ந்தவர்களும் இருந்தார்கள். பழைய குவியல்களுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், நூல் நூலாகப் பிரிகிற நீலக் கல்லைத் தொடாதீர்கள், குழந்தைகளைத் தொடவிடாதீர்கள். அந்த நார் கல்லாக இறுகிப் பழுப்புப் பொன்னாக மின்னுவதுதான் புலிக்கண் கல், ஞாபகத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் மெருகேற்றியதைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், பட்டை தீட்டாத கல்லை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு.

கிளம்புகிற அன்று காரின் காற்று வடிகட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியை எடுங்கள், செம்புழுதி அடைத்திருக்கும். துணிகளைத் தனிப் பையில் கட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் முதலில் பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, சிவப்பு போன பிறகு சோப்புப் போடுங்கள், வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊற வைத்தால் வேட்டி காவி வேட்டியாகிவிடும்.